பிள்ளை இருக்கு, பாட்டை நிறுத்து

அந்தத் தாளில் என்ன எழுதப் போறீங்க அக்கா? சும்மாதான் கேட்டேன். நீங்க வந்ததிலிருந்து பேனாவைத் திறக்கிறீங்க, மூடுறீங்க. பாட்டுத் தாள்தானே அது? இந்த இல்லத்தில் யாரைக் கொண்டுவந்து சேர்த்தாலும் அதை நீட்டிவிடுவார்கள். ‘நோயாளி பதினைந்து வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை விரும்பிக் கேட்ட பாட்டுகள் ஐந்து.’ கீழே ஐந்து கோடு. சர்க்கரை எவ்வளவு, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எல்லாம் கடகடவென்று எழுதுகிறவர்கள்கூட அந்தக் கோட்டுக்கு வந்ததும் விட்டத்தைப் பார்ப்பார்கள்.

உங்களுக்கு யாரு? மாமியாரா? அப்படியென்றால் இன்னும் கஷ்டம்தான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், அஞ்சும் சாமிப் பாட்டாக எழுதிடாதீங்க. கௌரவமாக இருக்குமே என்று எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எஸ்தர் மிஸ் அதை நம்பி, அந்தக் கறுப்பு ஸ்பீக்கரை எடுத்து வந்து போடுவார். அவர்தான் இங்கே பாட்டு வைத்தியம் பார்க்கிறவர். செவ்வாய், வியாழன், சனி வருவார். இன்றைக்கு சனி, உள்ளேதான் இருக்கிறார். எட்டாம் கட்டில் அம்மாவுக்கு சாமிப் பாட்டுப் போட்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் நான் டீக்கடை ரேடியோ மாதிரி கரகரவென்று வாயாலேயே ஒரு குத்துப்பாட்டுக்கு மேளம் அடித்தேன். போர்வைக்கு அடியில் கால் ஆடியது. அதை எந்த மருமகள் எழுதுவாள்? உங்களைச் சொல்லலை அக்கா.

நானா? நான் இங்கே வேலை பார்க்கவில்லை. எங்கம்மா பஞ்சவர்ணம்தான் இங்கே ஆயாம்மா. இப்போது நீல யூனிஃபார்மில் வாளியோடு நம்மைத் தாண்டிப் போனாளே, பார்த்தும் பார்க்காத மாதிரி, அவள்தான். என்னோடு பேசி பதினைந்து நாள் ஆகிறது. தட்டில் சோறு வைப்பாள், தலை பின்னி விடுவாள், பேச மாட்டாள். இதெல்லாம் என் தப்பு இல்லை. நீங்களே முழுசும் கேட்டுவிட்டுச் சொல்லுங்க.

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒருத்தர் குரலை ரெண்டு நிமிஷம் கேட்டால் போதும், அது என் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இறக்கிவிடாவிட்டால் அரிக்கும். பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த மறுநாள், எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ரேஷன் கடைக்காரர் குரலில் போன் போட்டேன். "பாமாயில் வந்திருக்கு, வெரசா வந்து வாங்கிக்கங்க. அப்புறம் தீந்துருச்சுன்னா என்னையக் குத்தம் சொல்லக் கூடாது." அவ்வளவுதான். ஒரே ஒரு வீட்டுக்குத்தான். அரை மணி நேரத்தில் நாற்பது பேர் கேனோடு நிற்கிறார்கள், கடை பூட்டிக் கிடக்கிறது. வரிசையில் மூன்றாவது ஆளாக எங்கம்மா நிற்கிறாள்.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள், லீவு முடிகிற வரைக்கும் இவளைக் கண் பார்வையிலேயே வைத்திருக்க வேண்டுமென்று. "நான் வேலை பாக்குற எடத்துல யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது. அங்க நீ யாரை ஏமாத்துறேன்னு நானும் பாக்குறேன்" என்று இழுத்து வந்துவிட்டாள்.

வந்த முதல் நாளே எனக்குப் பிடித்துப்போயிற்று அக்கா. எத்தனை குரல் தெரியுமா இங்கே. பெரிய சிஸ்டர் மூக்கால் பேசுவார், ஒவ்வொரு பேச்சுக்கும் முடிவில் ஒரு ‘புரியுதா’ போடுவார். நான் வராந்தாத் திருப்பத்தில் நின்று, "டீ குடிச்சது போதும், ஆளுக்கு ஒரு பெட்ஷீட் மாத்துங்க, புரியுதா" என்பேன். உள்ளே இரண்டு நர்ஸ்கள் டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள். டாக்டர் பாதி வார்த்தையை முழுங்கிவிட்டு மீதியைச் சொல்வார், "ம்... பரவால்ல... பாக்க..." என்று. அதையும் பண்ணுவேன். ஒரு நாள் பெரிய சிஸ்டர் தன் குரலைத் தானே கேட்டுவிட்டு வந்து நின்றார். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர், "நான் இவ்ளோ கேவலமாவா பேசுறேன், புரியுதா" என்றார். எல்லாரும் சிரித்தோம். இது சாகிறவர்களுடைய வீடு அக்கா, ஆனாலும் சிரிப்போம். உங்களுக்கு இன்றைக்கு முதல் நாள், அதனால் தெரியாது.

நான்காம் கட்டில் சீனிச்சாமி ஐயா. அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

இப்போதுகூட அவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். அந்த ஜன்னல் பக்கம் காதைக் கொடுங்க. இல்லை, அது ஃபேன். அவர் சத்தம் அதைவிடக் கம்மி.

சீனிச்சாமி சவுண்ட் சர்வீஸ் என்றால் வடமதுரைப் பக்கம் தெரியாத ஆள் இல்லையாம். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் திருவிழா, எதுவானாலும் அவர் மைக் செட்தான். தென்னை மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் மூன்று ஊருக்குக் கேட்கும். பொண்டாட்டி செத்து ரொம்ப வருஷம் ஆயிற்று, பிள்ளை குட்டி கிடையாது. அக்கா மகன் திருமலை என்று ஒருத்தர், ஞாயிற்றுக்கிழமை வருவார். அவர்தான் சேர்த்துவிட்டார். பாட்டுத் தாளில் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? ‘மாமா எல்லாப் பாட்டும் போடுவார். அவருக்குப் பிடித்தது எதுவென்று யாரும் கேட்டதில்லை.’ ஐந்து கோட்டிலும் அதுதான்.

நான் வந்தபோது ஐயா பேச்சை நிறுத்தி நான்கு மாதம் ஆகியிருந்தது. அவருக்கு ஆள் தெரியாது, சோறா மண்ணா என்று தெரியாது. முதுகில் படுக்கைப் புண் வேறு, என் உள்ளங்கை அகலத்துக்கு. தினமும் கழுவி மருந்து வைக்க வேண்டும். தொட்டாலே கையை வீசுவார். எங்கம்மா கன்னத்தில் ஒரு முறை பட்டு வீங்கியிருந்தது.

எஸ்தர் மிஸ் விடவில்லை. இதைப் போட்டுப் பார்ப்பார், அதைப் போட்டுப் பார்ப்பார். அப்புறம் ஒரு நாள் அவருக்கே தோன்றியிருக்கிறது, மைக் செட்காரர் பாட்டைப் பாட்டாகக் கேட்க மாட்டார், வரிசையாகக் கேட்பார் என்று. காலையில் செட் போட்டதும் பிள்ளையார் பாட்டு. அப்புறம் அம்மன் பாட்டு இரண்டு. வெயில் ஏற ஏறப் பழைய சினிமாப் பாட்டு, சாப்பாட்டு நேரத்தில் சோகப் பாட்டு. அந்த வரிசையில் போட்டதும் ஐயாவின் வலது கை மேலே வந்ததாம். கட்டை விரலும் இரண்டு விரலும் சேர்ந்து காற்றில் எதையோ திருகின. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் அக்கா. எஸ்தர் மிஸ்ஸும் கெட்டிக்காரர், ஐயாவின் விரல் திரும்புகிற பக்கம் நிஜமாகவே ஸ்பீக்கரில் கூட்டுவார், குறைப்பார். ஐயாவுக்கு அதில் அப்படி ஒரு நிம்மதி. பாட்டு ஓடுகிற நேரத்தில் என்ன செய்தாலும் சும்மா இருப்பார். வாய் திறப்பார், கஞ்சி இறங்கும். திரும்பிப் படுப்பார். எங்கம்மா மூன்றாவது பாட்டில் கழுவ ஆரம்பித்தால் ஐந்தாவது பாட்டுக்குள் மருந்து வைத்துக் கட்டிவிடுவாள். எஸ்தர் மிஸ் வராத நாளில் ஸ்பீக்கரை எங்கம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார், பாட்டு வரிசையை ஒரு அட்டையில் எழுதி.

ஆக, அந்த மனுஷனுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதில்தான் நான் கை வைத்தேன் என்கிறார்கள்.

நான் என்ன செய்தேன்? அரை நிமிஷம் அழுதேன். அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை. ஒரு பாட்டு முடிந்து, அடுத்ததை எஸ்தர் மிஸ் தேடிக்கொண்டிருந்தார். வார்டில் ஒரே அமைதி. எனக்கு அமைதி ஆகாது. ஐயா கட்டிலுக்குப் பின்னால் பச்சைத் திரை உண்டு, அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, திருவிழாவில் தொலைந்த அஞ்சு வயசுப் பெண்பிள்ளை எப்படி அழும், அப்படி அழுதேன். முதலில் மூக்கை உறிஞ்சும், அப்புறம் கொஞ்சமாக, "அம்மா... எங்கம்மாவக் காணோம்..." மைக் செட்காரர் ஆயிற்றே, என்ன செய்கிறார் பார்ப்போமென்றுதான். சும்மா விளையாட்டு.

ஐயா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

யாரும் பிடிக்கவில்லை, அவராக உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். கையை வாய்க்கு முன்னால், மைக்கைப் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு சொன்னார், "பக்தகோடிப் பெருமக்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு. அஞ்சு வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை ஒன்று, தாயாரைக் காணாமல் அழுதுகொண்டு இருக்கிறது. தாயார் எங்கிருந்தாலும் உடனடியாக ஒலிபெருக்கி நிலையத்துக்கு வந்து, அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

என்ன குரல் தெரியுமா. நான்கு மாதம் மூடிக் கிடந்த குரல், ஒரு வார்த்தை பிசகவில்லை. எஸ்தர் மிஸ் அழுதுவிட்டார். போனில் படம் எடுத்துத் திருமலை அண்ணனுக்கு அனுப்பினார். நர்ஸ்கள் கை தட்டினார்கள். நான் திரையை விலக்கிக்கொண்டு வந்து குனிந்து வணக்கம் வைத்தேன். பெரிய சிஸ்டர் என் கன்னத்தைக் கிள்ளி, "இந்தப் பிள்ளை டாக்டரை விடப் பெரிய டாக்டர், புரியுதா" என்றார். எங்கம்மாகூடச் சிரித்தாள். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்க, அன்றைக்கு எங்கம்மாவும் சிரித்தாள்.

எஸ்தர் மிஸ் சந்தோஷமாக அடுத்த பாட்டைப் போட்டார். ஐயா கையைத் தூக்கினார்.

"நிறுத்து. பிள்ளை இருக்கு, பாட்டை நிறுத்து."

எல்லாரும் மறுபடியும் சிரித்தோம். மிஸ் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டார். "பிள்ளை இருக்குன்னு சொல்றேன்ல." மறுநாள் போட்டாள் எங்கம்மா. "பாட்டை நிறுத்தும்மா, பிள்ளை அழுகுது." அதற்கு மறுநாள் அவர் சத்தம் போட்ட சத்தத்தில் எட்டாம் கட்டில் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நான்காம் நாள் யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருமலை அண்ணன் வந்து சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. எந்தத் திருவிழாவிலும் பிள்ளை தொலைந்து மைக் செட்டுக்கு வந்துவிட்டால், ஐயா பாட்டை நிறுத்திவிடுவாராம். பாட்டு ஓடினால் அறிவிப்பு யார் காதில் விழும் என்பார். ஒரு தேர் நாளில் இரண்டு மணி நேரம் பாட்டே இல்லாமல், கமிட்டிக்காரர்கள் அடிக்க வந்தும் போடவில்லையாம்.

அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ரொம்ப முன்னால் ஒரு தடவை ஒருத்தி வந்து ‘என் பிள்ளைதான்’ என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கிறாள். பிள்ளை திரும்பித் திரும்பி ஐயாவைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் நிஜத் தாய் வந்து நின்றாள். ஊரே ஓடித் தேடி, பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பிடித்தார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றையிலிருந்து ஐயா ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். வருகிறவள் பேர் சொல்ல வேண்டும், உடுப்பு சொல்ல வேண்டும், கடைசியில் பிள்ளை தானாக அவளிடம் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் கொடுக்க மாட்டார். கொடுக்கிற வரைக்கும் பாட்டு கிடையாது.

"மாமா இதுல மட்டும் யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு" என்றார் திருமலை அண்ணன். ஏதோ பெருமையாகத்தான் சொன்னார்.

சரி, நான் ஆரம்பித்தது, நானே முடிக்கிறேன் என்று இறங்கினேன். குரலுக்கா எனக்குப் பஞ்சம். திரைக்குப் பின்னாலிருந்து தாய்க் குரலில், "ஐயா, என் பிள்ளைதாங்க, புண்ணியமாப் போகும், குடுங்க" என்றேன். "நேர்ல வாம்மா" என்றார். எஸ்தர் மிஸ்ஸின் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நேரில் போனேன். "பிள்ளை பேரென்ன?" அவசரத்தில் ‘மாரிமுத்து’ என்றேன். "இது பொம்பளப் பிள்ளை. நீ போம்மா, ஒம் பிள்ளைக்குத் தனியா அறிவிப்புக் குடுப்போம்" என்று என் பிள்ளைக்கும் சேர்த்து அறிவிக்க ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு இரண்டு பிள்ளை ஆகிவிட்டது அக்கா.

மறுநாள் போலீஸ் குரல். "பிள்ளைய ஸ்டேசன்ல நாங்க பாத்துக்கிறோம், நீ பாட்டப் போடு." அதற்கு, "ஏட்டய்யா, போன வருசமும் இதத்தான் சொன்னீக" என்றார். கமிட்டித் தலைவர் குரலில் அதட்டினேன். தலைவரை அடிக்கக் கை ஓங்கினார். பிள்ளையைத் தரச் சொல்லி நர்ஸ்களைக் கேட்க வைத்தோம். அவர்கள் யூனிஃபார்மைப் பார்த்து, "வாலண்டியர்க கையில பிள்ளையக் குடுக்கறதில்ல" என்றார். எஸ்தர் மிஸ் கையில் ஸ்பீக்கர் இருப்பதால் அவர் செட்டைப் பார்த்துக்கொள்கிற ஆளாம், அவரையே விரட்டினார்: "நீ ஏன் இங்க நிக்கிற, ஆம்ப்ளிஃபையர் பக்கத்துல போ." நிஜமாகவே ஒரு சின்னப் பிள்ளையைக் கூட்டி வரலாமா என்றேன். பெரிய சிஸ்டர், சின்னப் பிள்ளைகளை உள்ளே விடக் கூடாதென்று சட்டம் இருக்கிறது என்றார். ‘புரியுதா’ போடவில்லை.

கடைசியாக அந்தப் பிள்ளையின் குரலிலேயே சொல்லிப் பார்த்தேன். "தாத்தா, எங்கம்மா வந்துட்டாங்க. அந்தா நிக்கிறாங்க. நான் போறேன்."

"தனியாப் போகாத தங்கம். கூட்டத்துல நசுங்கிப்புடுவ. இப்படி உக்காரு" என்றார்.

சொல்லிவிட்டு நகர்ந்து படுத்தார். பாதிக் கட்டிலை விட்டுவிட்டு ஓரத்தில், புண் பக்கமாக. அதற்கப்புறம் அவரை நடுவில் படுக்க வைக்க யாராலும் முடியவில்லை. கஞ்சி கொடுத்தால் பாதியில் வாயை மூடிக்கொள்வார், மீதி பிள்ளைக்கு. புண் பெரிதாகிக்கொண்டே போயிற்று. பாட்டு இல்லாமல் எங்கம்மா அதைக் கழுவ வேண்டும். முன்னே மாதிரி கையை வீசினால்கூடப் பரவாயில்லை. இப்போது வீசுவதில்லை. போர்வை முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலியாகக் கிடக்கிற அந்தப் பாதிக் கட்டிலைப் பார்த்து, "பயப்படாத, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

எங்கம்மா கையெல்லாம் மருந்தோடு வெளியே வந்து என்னைப் பார்த்தாள். "எல்லார் குரலும் பேசுவியே. இப்பப் பேசு." அதுதான் கடைசியாகப் பேசியது.



டாக்டரிடம் கேட்டால், "ம்... இந்த நோயில... ஒண்ணு பிடிச்சா..." என்று முழுங்குகிறார். மறதி நோய் எல்லாவற்றையும் அழிக்கும் என்கிறார்கள் இல்லையா. பொண்டாட்டியை அழித்தது, ஊரை அழித்தது, திருமலை அண்ணனை அழித்தது. நான் அரை நிமிஷம் அழுததை மட்டும் அழிக்க மாட்டேன் என்கிறது. இதற்கு நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க.

எங்கம்மாவிடமே ஒரு நாள் கெஞ்சினேன். "அம்மா, யூனிஃபார்ம மாத்திட்டு சேலையில வந்து நில்லேன். நான் பிள்ளையா அங்க உக்காந்திருக்கேன். நீ வந்து கூப்பிடு, நான் ஓடி வரேன், முடிஞ்சு போச்சு." அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள்.  பக்கத்திலிருந்த நர்ஸிடம் சொன்னாள், "எனக்கு நடிக்க வராதுன்னு சொல்லிருங்க சிஸ்டர். அவளுக்கு அம்மாவா நடிக்கணுமாம் நான்." இதில் கோபப்பட என்ன இருக்கிறது? ஐந்து நிமிஷ வேலை. எனக்கு இன்னும் புரியவில்லை.

நான் அழுததிலிருந்து பதினேழாம் நாள் அது தானாக நடந்தது.

எங்கம்மா புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறார். நான் கட்டிலின் அந்தக் காலிப் பாதியில் உட்கார்ந்திருந்தேன், அவர் தலையையாவது பிடிக்கலாமென்று. என் கண்ணில் தண்ணீராக ஓடியது. அது நிஜ அழுகையா என்று கேட்காதீங்க. நான் பத்து விதமாக அழுவேன், எது எதுவென்று எனக்கே பிரிக்கத் தெரியாது. அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா, ஒன்பதாம் கட்டிலைத் தேடி வந்தவர், கையில் பழப்பை, எங்களைத் தாண்டிப் போனவர் நின்று, என் தோளைத் தொட்டு, "ஏம்மா அழுகிற?" என்றார்.

ஐயா தலையைத் தூக்கினார். "ஒம் பிள்ளையா?"

அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. வயசானவர் கேட்கிறாரே, எதற்கு மல்லுக்கு நிற்க வேண்டும் என்று, "ஆமாங்கய்யா" என்றார்.

"பேரென்ன?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயை மட்டும் அசைத்தேன். பார்த்துச் சொன்னார்.

"என்ன உடுப்பு?"

"மஞ்சச் சுடிதாருங்க."

ஐயா என் பக்கம் திரும்பி, "அம்மாட்ட போறியா தாயி?" என்றார். நான் எழுந்து போனேன். ஓடியெல்லாம் போகவில்லை, நடந்துதான். அந்த அம்மா பழப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் சேலையில் பஸ் வாசனை அடித்தது.

ஐயா கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். அப்புறம், "பிள்ளைய இனிமே கைய விடாத" என்று அந்த அம்மாவைத் திட்டிவிட்டு, சொன்னார், "பாட்டைப் போடு."

எஸ்தர் மிஸ் அவசரத்தில் ஸ்பீக்கர் பொத்தானை இரண்டு தடவை மாற்றி அமுக்கினார். பிள்ளையார் பாட்டு ஓடியது. ஐயாவின் மூன்று விரல் மேலே வந்து திருகியது. கட்டிலின் நடுவுக்கு வந்து படுத்தார். எங்கம்மா ஐந்தாவது பாட்டுக்குள் கட்டி முடித்துவிட்டாள், எழுந்து போய் முகம் கழுவினாள். சாப்பாட்டுப் பாட்டு வரைக்கும் அன்றைக்கு ஓடியது. முழுக் கிண்ணம் கஞ்சி குடித்தார்.

மறுநாள் காலையில் நான் ஓடோடி வந்தேன். வராந்தாவிலேயே கேட்டது. "பக்தகோடிப் பெருமக்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு."

ஆமாம் அக்கா. அதிலிருந்து தினமும் இப்படித்தான். ராத்திரி அவர் தூங்கி எழுந்தால் பிள்ளை மறுபடியும் தொலைந்துபோயிருக்கும். தினமும் ஒரு தாய் வேண்டும். அதுதான் நான் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். யாரையாவது பார்க்க வருகிறவர்கள், யாரையாவது சேர்க்க வருகிறவர்கள், எல்லாரும் இங்கேதானே உட்கார வேண்டும். இதுவரைக்கும் ஏழு பேர் வந்தார்கள். ஒரு டீச்சர் மட்டும், பொய் சொல்ல மாட்டேன், வேண்டுமானால் ஜெபம் பண்ணுகிறேன் என்றார். கட்டில் பக்கத்தில் நின்று அழகாக ஜெபம் பண்ணினார். ஐயா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முடிந்ததும் அறிவிப்பைத் தொடர்ந்தார். அன்றைக்குப் பாட்டு இல்லை. பெரிய சிஸ்டர் எதையும் கண்டுகொள்வதில்லை. எங்கம்மா ஒவ்வொரு தடவையும் நான் யாரிடமோ ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, மருந்துத் தட்டோடு நிற்பாள். 

இன்றைக்கு ஏன் உங்களை இப்படி அவசரப்படுத்துகிறேன் என்றால், காலையில் டாக்டர் வந்து பார்த்தார். இந்தத் தடவை எதையும் முழுங்கவில்லை. "இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் இருந்தா பெரிசு" என்று தெளிவாகச் சொன்னார். அந்தக் குரலை எனக்குப் பண்ண வராது. நேற்று மாலையிலிருந்து ஐயா தண்ணீர்கூட இறக்கவில்லை. ஆனால் உதடு அசைகிறது. பக்கத்தில் குனிந்தால் கேட்கும், ‘தாயார் எங்கிருந்தாலும்’ என்பது மட்டும். கடைசியில் போவது காதுதான் என்று எஸ்தர் மிஸ் சொல்கிறார். கண், வாய், எல்லாம் போன பிறகும் காது கொஞ்ச நேரம் இருக்குமாம். அதனால் பாட்டு ஓடவேண்டும் அக்கா. ஆள் மயக்கத்தில்தானே இருக்கிறார், சும்மா போட்டுவிடலாமே என்று பெரிய சிஸ்டர் சொன்னார். போட்டோம். அந்த மூன்று விரல் குறைக்கிற பக்கம் திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது. மிஸ் நிறுத்திவிட்டார்.

நீங்க சிரிக்கிறீங்களா, அழறீங்களா? குனிந்துகொண்டால் எனக்குச் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது.

உங்க மாமியாருக்குப் பாட்டு நான் யோசித்துத் தருகிறேன். அஞ்சு என்ன, பத்து தருகிறேன். முதலில் உள்ளே வாங்க. பையை இங்கேயே வைங்க, யாரும் தொட மாட்டார்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது. அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, அதனால் வாசலில் நிற்க வேண்டாம், கட்டில் கால்மாட்டுக்கே வந்து நில்லுங்க. நான் அவர் பக்கத்தில் அந்தப் பாதியில் உட்கார்ந்திருப்பேன். சத்தமாக, ஆனால் அதட்டாமல், பேர் சொல்லிக் கூப்பிடுங்க. லோகேஸ்வரி. லோகி என்றும் கூப்பிடலாம், வீட்டில் அப்படித்தான். வயசு கேட்டால் அஞ்சு. உடுப்பு கேட்டால் இன்றைக்குப் பச்சை, பார்த்துக்கொள்ளுங்க, நேற்று ஒரு அம்மா தடுமாறிவிட்டார். அவர் குரல் கேட்கவில்லை என்றால் உதட்டைப் பாருங்க, கேள்வி அதே மூன்று கேள்விதான்.

அப்புறம் நான் ஓடி வருவேன். மூன்று எட்டுதான். நீங்க கையை மட்டும் நீட்டுங்க. பிடித்ததும் உடனே விட்டுவிடாதீங்க அக்கா, சில பேர் கூச்சத்தில் விட்டுவிடுகிறார்கள். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். முதல் பாட்டு ஆரம்பிக்கிற வரைக்கும் பிடிச்சுக்கங்க.